ஹெல்மெட்ட மட்டும் கழட்டிடுங்க

கழட்டிடுங்க சார். காம்பவுண்டுக்குள்ள எல்லாம் ட்ராஃபிக் போலீஸ் வர மாட்டாங்க. துவைக்கிற கல்லு மேல ஹெல்மெட்டோட உக்காந்திருக்கறவர நான் இப்பத்தான் மொத தடவை பாக்கறேன். என்னது, சளியா? ஹெல்மெட் போட்டா சளி நிக்கும்னு எந்த டாக்டர் சொன்னாரு? சரி விடுங்க, உங்க தலை, உங்க இஷ்டம். கண்ணாடியவாச்சும் கொஞ்சம் தூக்கி விடுங்க. கெணத்துக்குள்ள விழுந்தவர்கிட்ட பேசற மாதிரி இருக்கு.

வீடா? காலியாத்தான் இருக்கு, போர்டு பாத்துட்டுதானே உள்ள வந்தீங்க? சாவி ஓனர்கிட்ட. பியாட்ரிஸ் ஆன்ட்டி ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போயிருக்காங்க. வஞ்சிரத்த செவுள் தூக்கிப் பாத்து, கடைக்காரன நாலு வார்த்தை திட்டி, அப்புறம் நெத்திலி வாங்கிட்டு வருவாங்க. அது வரைக்கும் நான் கம்பெனி குடுக்கறேன். என் பேரு விக்கி. பியூசி ஃபர்ஸ்ட் இயர். இந்தக் காம்பவுண்டுல எட்டு வீடு, எட்டு வீட்டுக் குரலும் என்கிட்ட இருக்கு.

நம்ப மாட்டீங்களா? கண்ண மூடிக்கோங்க. ஏய் விக்கீ, வாட் மேன், பைப்ப மூடினியா இல்லியா? தண்ணி என்ன உங்கப்பன் காவேரியிலருந்து முதுகுல தூக்கிட்டு வர்றானா மேன்? பாத்தீங்களா, திரும்பி கேட்டப் பாத்துட்டீங்க! ஆன்ட்டி வந்துட்டாங்கன்னு நெனச்சீங்கதானே? எல்லாரும் திரும்புவாங்க சார். எங்கப்பா வைட்ஃபீல்டுக்கு ஆபீஸ் வேன் ஓட்டறாரு, அவரே திரும்புவாரு.

குடி வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒண்ணு சொல்லிடணும். இது சாதாரண காம்பவுண்டு இல்ல. இங்க நாங்க கேம் ஆடறோம். ஐயோ, சீட்டு இல்ல சார், கலீஜா நெனைக்காதீங்க. டிவில வருதே, ஒரு வீட்ல எல்லாரையும் பூட்டி வெச்சு, அவங்களே ஓட்டுப் போட்டு வாரத்துக்கு ஒருத்தர வெளிய தள்றது? முன்னாடி கட்டிப்பிடிச்சிட்டு, திரும்பினதும் இவன அனுப்பிடுங்கன்னு சொல்றாங்களே, அதே. இங்க கலர் டிவி பெரிசா இருக்கறது ஆன்ட்டி வீட்ல மட்டும்தான். மொத்தக் காம்பவுண்டும் அங்கதான் உக்காந்து பாக்கும். அது இந்தி ஷோ, எங்க யாருக்கும் இந்தி தெரியாது. மூணாவது வீட்டு டென்சில் அங்கிள்தான் மொழிபெயர்ப்பு. ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அவருக்கும் இந்தி தெரியாதுன்னு. மனுஷன் மொகத்தப் பாத்து கதை விட்டுட்டு இருந்திருக்காரு. ஒரு நல்ல பொம்பளைய ஒரு மாசம் பூரா நாங்க சாபம் விட்டோம் சார், பாவம்.

அப்புறம் ஒரு நாள் ஹால்ல எடம் பத்தல. ஆன்ட்டி எழுந்து நின்னு சொல்லிட்டாங்க, இனிமே இங்கயும் ஓட்டு மேன். வாரா வாரம் ஒருத்தர் அவுட். அவுட்டானவங்க வெளிய நின்னு ஜன்னல் வழியாத்தான் பாக்கணும். அவ்ளோதான், பெரியவங்க எல்லாம் கெட்டுப் போயிட்டாங்க! குழாயடில ரகசியப் பேச்சு என்ன, மாடிப்படில கூட்டணி என்ன. டென்சில் அங்கிள் வீட்டுக்கு வீடு மட்டன் பஃப்ஸ் குடுத்து ஓட்டு கேட்டாரு. எல்லாரும் பஃப்ஸ தின்னுட்டு அவரையே வெளிய தள்ளிட்டாங்க. இப்ப அவர் வீட்டுப் பக்கம் பஃப்ஸுன்னு சொன்னாலே கதவ சாத்திப்பாரு.

நாராயணசாமி அங்கிள் அவரையும் மிஞ்சிட்டாரு. பொம்மசந்திராவுல ஒரு கம்பெனில வாட்ச்மேன். அவர் என்ன பண்ணாரு தெரியுமா? காது கேக்காத மாதிரி நடிக்க ஆரம்பிச்சாரு. செவிடர் முன்னாடி யாரும் ரகசியம் மறைக்க மாட்டாங்கல்ல? எல்லார் திட்டமும் அவருக்குத் தெரியும். சூப்பர் பிளான்தான், ஆனா வெளிய வர முடியல. கம்பெனி டாக்டர் காது மிஷினே மாட்டி விட்டுட்டாரு. இப்ப அந்த மிஷின்ல அவருக்கு எல்லாம் கூச்சலா கேக்குதாம். வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லவும் முடியாது. அவங்க வீட்டம்மா மட்டும் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க, இஷ்டத்துக்குத் திட்டறாங்க.

சிரிக்கறீங்களா? ஹெல்மெட் குலுங்குது சார். கழட்டிட்டே சிரிக்கலாம்ல? வேணாமா. சரி.

எனக்கு ஒரு சந்தேகம் சார். தெருவுல ஒருத்தன் பொய் சொன்னா தோலை உரிக்கறோம். டிவில சொன்னா கை தட்டறோம். ஏன்? எங்கம்மாவக் கேட்டா, நாம தெனம் பண்றதத்தானே காசு குடுத்து பண்ண வெக்கறாங்கன்னு சொல்றாங்க. எங்க பார்கவி அக்கா வேற சொல்லுவா. எனக்கு அவங்க பொய் சொல்றது பிடிக்கலடா, அது ஒடையற நிமிஷம்தான் பிடிக்கும், அப்ப ஒரு மொகம் வருது பாரு, அதான் அவங்க நிஜ மொகம்னு சொல்லுவா.

ஆமா, பார்கவின்னா என் அக்காதான். அதோ மாடில அந்த ரெண்டாவது ஜன்னல். ஏன் சார் கேக்கறீங்க? இல்ல, வீட்டப் பத்தி ஒண்ணும் கேக்கல, தண்ணி வருமான்னு கேக்கல, அக்காவப் பத்திக் கேக்கறீங்க, அதான் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரங்க எப்படின்னு தெரிஞ்சுக்கவா? கரெக்ட், கரெக்ட். தெரிஞ்சுக்கணும்.

எங்கக்கா அந்தக் கேம்ல ஒரு பொய் கூட சொல்லல சார். நேரா போயி சொல்லுவா. டென்சில் அங்கிள், இந்த வாரம் உங்களுக்கு எதிராத்தான் ஓட்டுப் போடறேன், நீங்க கதை விடறீங்க. ஆன்ட்டி, உங்க கேக் நல்லா இல்ல, ஆனா உங்கள எனக்குப் பிடிக்கும். அவ்ளோதான். எல்லாரும் பயந்துட்டாங்க. இது ஏதோ பெரிய பிளான்டா, மூஞ்சிக்கு நேரா உண்மை பேசறான்னா உள்ள என்ன வெச்சிருக்காளோன்னு ஒருத்தரும் அவ மேல கை வெக்கல. அவதான் ஜெயிச்சா. பரிசு ஆன்ட்டியோட பழைய பிரஷர் குக்கர். விசில் வராது, அதையும் வாங்கறப்பவே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா.

ஆனா அவளுக்கு ஒரு கல்யாணம் ஆக மாட்டேங்குது சார். இப்ப ஒரு வரன் வந்திருக்கு. அதுல பதில் என்னன்னுதான் எங்க வீடே காத்துட்டு இருக்கு. அம்மா போன் மணி அடிச்சா சாமி படத்தப் பாத்துட்டுத்தான் எடுக்கறாங்க. மாப்ளைக்கு ஆனேக்கல் பக்கம். நல்ல வேலை. போன ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வந்தாங்க. அம்மா, அத்தை, ரெண்டு மாமா, நடுவுல அவரு. ஒரு வார்த்தை பேசல சார்! எங்கப்பா, ட்ராஃபிக் எப்படின்னாரு. தலையாட்டினாரு. மழை வருமான்னாரு. தலையாட்டினாரு. மாப்ளைக்கு சங்கீதம் பிடிக்குமான்னு டென்சில் அங்கிள் ஜன்னல்லருந்து கேட்டாரு, அவருக்கு என்ன வேலை அங்க, அதுக்கும் தலையாட்டினாரு. அக்கா கேசரி கொண்டு வந்து வெச்சா. சுத்தமா வழிச்சு சாப்ட்டாரு. இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு அக்கா கேட்டா, அதுக்கும் தலையாட்டிட்டு மறுபடி சாப்ட்டாரு. எங்கம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீர். கேசரி பிடிச்சிருக்கு, அப்ப பொண்ணும் பிடிச்சிருக்குன்னு. அக்கா மொகம் மட்டும் விழுந்துருச்சு. அவங்க போனதும் என்கிட்ட சொன்னா, விக்கி, நல்ல ஆளாத்தான் தெரியறாரு, ஆனா வாய் இருக்கான்னு தெரியலடா. வாய் இல்லாத ஆளோட எப்படிடா காலம் பூரா?

ம்ம், சொல்லுங்க? கொஞ்சம் தண்ணி குடிக்கறீங்களா? ஹெல்மெட்டோட முடியாதுல்ல. சரி.

சார், உங்களுக்கு தெரியுமே, நம்ம ஆளுங்க பொண்ணு பாத்துட்டுப் போனா அடுத்தது என்ன? அக்கம்பக்கத்துல விசாரிக்கறது. நேரா வந்து விசாரிச்சா மரியாதையா இருக்குமா? அதனால வேஷம். இதுக்கு முன்னாடி வந்த ஒரு வரன்ல மாமாக்காரர் கரண்ட் மீட்டர் பாக்கறவரா வந்தாரு. மீட்டர் எங்க இருக்குன்னு எங்ககிட்டயே கேட்டாரு. இன்னொரு எடத்துலருந்து ஒரு அம்மா ஊறுகாய் விக்க வந்தாங்க. ஊறுகா சக்கத்தா, செம ருசியா இருந்துச்சு, அதனால அவங்கள நாங்க ஒண்ணும் சொல்லல. ஆனா பெரும்பாலும் வர்றது வீடு பாக்கற சாக்குலதான். டிவில வர்றவன் எல்லாம் எங்க ஜனங்ககிட்ட டியூஷனுக்கு வரணும்.

அதனால நான் ஒரு வேலை பண்ணேன். அக்கா சொல்லித்தான் பண்ணேன், சத்தியமா. மாப்ளை வீட்டுக்கு போன் போட்டேன். பியாட்ரிஸ் ஆன்ட்டி குரல்ல. ஹலோ, ஐ ஆம் த ஹவுஸ் ஓனர் மேன். அந்தப் பொண்ணப் பத்தி ஒண்ணு சொல்லணும். அது மூஞ்சிக்கு நேரா உண்மை பேசும். யாரா இருந்தாலும் பேசும். ஜாக்கிரதையா முடிவு பண்ணுங்க. அந்தப் பக்கம் மாப்ளையே எடுத்திருக்காரு. அப்புறம் ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டின்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு. தேங்க்ஸாம்! அக்காகிட்ட சொன்னேன். மொத தடவையா சிரிச்சா.

ஏன் சார், இருமறீங்க?

ஒண்ணு சொல்லட்டா? தப்பா எடுத்துக்காதீங்க, தொழில் முறையில சொல்றேன். குரல் மாத்தறது இப்படி இல்ல. நீங்க தொண்டைய இறுக்கறீங்க, அதான் இருமல் வருது. தொண்டைய விட்டுடணும், மூச்சத்தான் மாத்தணும். ஆன்ட்டிக்கு மூச்சு மூக்குலருந்து கெளம்பும், டென்சில் அங்கிளுக்கு வயித்துலருந்து. உங்களுக்கு எங்கருந்து வருதுன்னு ஞாயித்துக்கிழமை கண்டுபிடிக்க முடியல, நீங்க பேசவே இல்லியே.

அட, எழுந்துக்காதீங்க சார். செருப்பு சார், செருப்பு. அன்னிக்கு வாசல்ல கழட்டி வெச்சீங்கல்ல, எல்லாரும் உள்ள கேசரி சாப்பிடறப்ப நான் வெளிய செருப்புக்குத்தான் காவல். இடது கால் வாருல செவப்பு நூல் போட்டு தெச்சிருக்கு. தலைய மூடிட்டு வர்றவங்க கால மறந்துடறாங்க.

காலி வீடு எல்லாம் ஒண்ணும் இல்ல சார். எட்டு வீட்லயும் ஆள் இருக்காங்க. போர்டு நான் காலையில எழுதி மாட்டினது. வேஷம் போட்டு வர்ற மனுஷனுக்கு ஒரு சாக்கு வேணாமா? பெயிண்ட் கூட காயல, உங்க வெரலப் பாருங்க, பச்சையா இருக்கு. பியாட்ரிஸ் ஆன்ட்டி மீன் வாங்கப் போகல. அந்தக் கர்ட்டன் பின்னாடி உக்காந்திருக்காங்க, நிழல் தெரியுது பாருங்க. ஆன்ட்டி, கை ஆட்டுங்க! பாத்தீங்களா. அந்த ஜன்னல் டென்சில் அங்கிள். நீங்க பேசறத அவங்க வீட்டம்மாவுக்கு மொழிபெயர்த்துட்டு இருப்பாரு. கேட்டுப் பக்கம் போக முடியாது, நாராயணசாமி அங்கிள் நிக்கறாரு. வழி விடுங்கன்னு கேட்டா அவருக்குக் காது கேக்காது.

பயப்படாதீங்க, யாரும் அடிக்க மாட்டாங்க. இன்னிக்கு இந்தக் காம்பவுண்டுக்கு ஷோ நீங்கதான், அவ்ளோதான். ஆனா ஓட்டு ஒண்ணே ஒண்ணு, அது அக்காவோடது. அவ போட்ட ரூலும் ஒண்ணே ஒண்ணு. நான் எவ்ளோ வேணா பேசலாம், எடுத்துக் குடுக்க மட்டும் கூடாது. அவரா ஒரு உண்மை சொல்லணும். சின்னதா இருந்தாலும் போதும். சொல்லாம எழுந்து போயிட்டா, அம்மாகிட்ட அவளே பேசிக்கறேன்னு சொல்லிட்டா. அம்மா அழுவாங்க. அழட்டும்னுட்டா.

என்னது? மெதுவா சொன்னா எப்படி சார், மேல வரைக்கும் போகணும்ல? உண்மை பேசற பொண்ணு நிஜமாவே இருக்கான்னு பாக்க வந்தீங்களா? இது நல்லாத்தான் இருக்கு, ஆனா இது ஐஸ் வெக்கற மாதிரியும் இருக்கு சார். அக்கா ஒத்துக்க மாட்டா. வேற?

கேசரியா? கேசரிக்கு என்ன?

சத்தமா. இன்னும் சத்தமா சொல்லுங்க சார், அப்படியே, அப்படியே!

அக்கா! சொல்லிட்டாரு! உப்புன்னு சொல்லிட்டாரு! ஆன்ட்டி, உப்புன்னுட்டாரு!

ஐயோ சார், உங்க தட்டுல மட்டும்தான் சார் உப்பு. மத்த எல்லாருக்கும் சக்கரை. அக்கா தனிக் கிண்ணத்துல கிளறி வெச்சிருந்தா. துப்புவீங்க, இல்ல தண்ணியாச்சும் கேப்பீங்கன்னு பாத்தா வழிச்சு சாப்ட்டுட்டு, இன்னும் போடட்டுமான்னா தலைய வேற ஆட்டறீங்க! அவ அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல, தெரியுமா. உங்களுக்கு வயித்துக்கு ஒண்ணும் ஆகலியே? ஆச்சா? ரெண்டு நாளா? அதையும் சத்தமா சொல்லுங்க, மார்க்கு ஏறும்.

தள்ளி உக்காருங்க, கூடை வருது. காய் வாங்கறதுக்கு கயிறு கட்டி எறக்கற கூடைதான். உள்ள என்ன? காபி. அவளே போட்டிருக்கா. இப்ப என்ன பண்ணுவீங்க? ஹெல்மெட்டோட காபி குடிக்கறத நானும் டிவிலயே பாத்ததில்ல.

அப்பாடா. தலையெல்லாம் நனைஞ்சு போயிருக்கு பாருங்க. எவ்ளோ நேரமா கழட்டுங்க கழட்டுங்கன்னு சொல்றேன்? மேல பாருங்க. ம்ம், அவதான். அவ அப்படித்தான் சிரிப்பா, அவசரமா உள்ள போயிடுவா.

ஆறிடப் போகுது, குடிங்க மாமா. ஆனா ஒண்ணு, அதுல இருக்கறது சக்கரையா உப்பான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஒரு வாய் குடிச்சிட்டு, அவளுக்குக் கேக்கற மாதிரி நீங்களே சொல்லிடுங்க.