ரெமிஜியஸ் காலியாக விட்ட நாலு வரி

அல்சூர் ஏரிக்காற்று அழையாமலே வந்து அமர்ந்திருக்கும் இந்த அரங்கத்தின் தலைவர், அன்புக்குரிய பச்சைமுத்து ஐயா அவர்களே, சங்கத்தைத் தன் சொந்தக் குடும்பமாகச் சுமக்கும் செயலாளர் மரகதம் அம்மையார் அவர்களே, முன்வரிசை முழுவதும் நிறைந்திருக்கும் மூத்தவர்களே, வேலை முடித்த களைப்போடு வந்திருக்கும் தாய்மார்களே, இடமில்லாமல் நின்றே கேட்கும் தம்பிமார்களே, அனைவரையும் வணங்குகிறேன்.

தகவல் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதுமே கடைசி வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். விடுங்கள் ஐயா, நான் தலைப்பைப் பேசப் போவதில்லை. ஒரு மனிதனைப் பற்றிப் பேசப் போகிறேன்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. லிங்கராஜபுரத்தில் ஒரு சின்ன அலுவலகம், பன்னிரண்டு கம்ப்யூட்டர், நான் மேற்பார்வையாளன். குலுக்கல் பரிசு என்று ஊரெல்லாம் பெட்டி வைத்து ஒரு நிறுவனம் வாங்கும் சீட்டுகள் எங்களிடம் வரும். பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண், அடியில் வீட்டுக்கு என்ன பொருள் தேவை என்று எழுத நாலு வரி. எல்லாவற்றையும் தட்டச்சு செய்து சி.டி.யில் ஏற்றிக் கொடுப்போம். அதை வாங்க யார் யாரெல்லாம் வரிசையில் நின்றார்கள் தெரியுமா? மருந்து விற்பவர், காப்பீடு விற்பவர், கல்யாணத் தரகர். நம் வீட்டு விவரத்துக்கா இத்தனை கிராக்கி என்று நான் மலைத்துப்போனேன்.

தட்டச்சு செய்பவர்களுக்கு எழுத்துக் கணக்கில் கூலி. நீங்கள் எவ்வளவு சொல்கிறீர்களோ, அவர்களுக்கு அவ்வளவு காசு. சீட்டில் இருப்பதை விட்டுவிட்டால் அன்றைய கூலியில் பாதி போய்விடும். அங்கே வேலை பார்த்தவர்தான் ரெமிஜியஸ்.

விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு வியாழக்கிழமை போகிறவர்கள் வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். ஒரு வியாழக்கிழமை அந்தத் தெருவிலே இந்தக் குலுக்கல் பெட்டியும் இருந்தது. அதே மாதிரிச் சீட்டு, கயிற்றில் கட்டிய அதே மாதிரிப் பேனா. அவசரத்தில் வந்த ஒரு தாய், பெயர் விவரமெல்லாம் நிரப்பிவிட்டு, அந்த நாலு வரியில் தன் மனதையே கொட்டிவிட்டார். மகளுக்கு வலிப்பு நோய். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையிடம் அவளே தன் வாயால் சொல்ல தைரியம் கொடு, ஆண்டவரே.

ரெமிஜியஸ் அந்த நாலு வரியைக் காலியாக விட்டார். தவறு என் கண்ணில் பட்டது. ஏன் என்று அதட்டினேன். அவர் மெதுவாகச் சொன்னார்:

"சார், இது நமக்கு எழுதினது இல்ல. கோயில்ல போட வேண்டியத அந்தம்மா மாத்திப் போட்டுடுச்சு. கூலிய வேணா கட் பண்ணிக்கோங்க சார்."

வெட்கத்தோடு சொல்கிறேன், வெட்டினேன். ஆனால் அந்த நாலு வரியை நிரப்ப என் விரலும் எழவில்லை. சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

என்ன மனிதர் அவர்! நம் விவரத்தைக் காக்கப் பூட்டு வாங்க வேண்டியவன் அந்த நிறுவனத்துக்காரன். பறிகொடுப்பது அந்தத் தாய். ரகசியம் வெளியேறினால் அவனுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை, அவன் எதற்குப் பூட்டு வாங்குவான்? இன்று இணையத்தில் அதே நாலு வரியை நாமே வலிய நிரப்புகிறோம், அங்கும் அதே கதைதான். நஷ்டமே இல்லாதவன் காக்காததை, அரை நாள் கூலியை இழந்து ஒருவர் காத்தார்.

யார் அந்தம்மா என்று அங்கே ஒரு குரல் கேட்கிறது. சொல்ல மாட்டேன் தம்பி. அந்தப் பெண் சொன்னாளா, கல்யாணம் நடந்ததா? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் ரெமிஜியஸ் செய்த வேலை.

தலைவர் அவர்களே, இன்று நம் வாசலிலும் மிக்சி பரிசு என்று ஒரு கடைக்காரர் பெட்டி வைத்து, சாவியை நம் சங்கத்திடம் கொடுத்திருக்கிறார். நானும் பிறந்த தேதியோடு எழுதிப் போட்டுவிட்டுத்தான் மேடையேறினேன். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். அந்தப் பெட்டியை இங்கேயே திறந்து சீட்டுகளை அவரவர் கையில் திருப்பித் தாருங்கள். மிக்சியா? நாற்காலி எண்ணைக் குலுக்குங்கள், அதற்கு யார் பிறந்த தேதியும் வேண்டாம்.

இதோ, மரகதம் அம்மையார் சாவியோடு எழுந்துவிட்டார். செவி கொடுத்த உங்களுக்கும், இங்கே இல்லாத ரெமிஜியஸுக்கும் என் நன்றி. சீட்டை வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.