தண்டை ஒட்டினது யாரு

கைய எடுங்க சார். மொதல்ல துப்பாக்கி மேலருந்து கைய எடுங்க, அப்புறம் பேசுவோம். பழைய பட்டாள வண்டிக்கு மார்க்கு போடற ஜட்ஜுன்னா தொடலாம்னு எங்க எழுதியிருக்கு? கயிறு கட்டியிருக்கேன்ல, அது உங்களுக்கும் சேத்துதான்.

சர்ட்டிபிகேட் இருக்கு, இந்தாங்க. ப்ரென் மெஷின் துப்பாக்கி, நம்பர் அடிச்சிருக்கு, ஒத்துப் பாத்துக்கங்க. குழாய்க்குள்ள இரும்பத் திணிச்சு அடைச்சாச்சு, உள்ள இருக்கிறதயெல்லாம் உருக்கி ஒட்டியாச்சு. இனிமே அது பட்டாணி கூடச் சுடாது. சுடாதுங்கிறதுக்காக வர்றவன் போறவனெல்லாம் புடிச்சு ஆட்ட விடுவேன்னு நெனைக்காதீங்க. காலைல ஒரு ஆளு, நெஞ்சுல மூணு மெடல குத்திக்கிட்டு வண்டி மேல ஏறினான். அங்க டீ குடிச்சிட்டிருந்த பொம்பளைங்களக் குறி பாத்து வாயாலயே டட்டட்டன்னு சுடறான். எறங்குடான்னேன். எந்தச் சண்டையில வாங்கின மெடலுன்னு கேட்டேன். சந்தையில வாங்கினதாம்.

நீங்க அந்த ரகம் இல்லதான். நீங்க பேனாவால தட்டிப் பாக்கற ரகம். போன வருஷம் தட்டுனீங்களே, அதே பேனாதானா இது?

ம். எழுதுங்க. பாரத்துல என்னென்ன கட்டம் இருக்கோ எல்லாத்தயும் ரொப்புங்க. பெயிண்டு சரியான பச்சையா, நட்டு அந்தக் காலத்து நட்டா, செயின் தேஞ்சிருக்கா. எனக்குத் தெரியும் சார், ஒம்போது வருஷமா இந்த வயல்ல வந்து நிக்கிறேன். நார்ஃபோக்குல மழை பேஞ்சா எந்த மூலையில மொதல்ல சேறாகும்னு கூடத் தெரியும். பக்கத்துல நிக்குதே ஜீப்பு, பளபளன்னு, அத இங்க ட்ரெய்லர்ல ஏத்திக் கொண்டாந்தாங்க. நான் நாப்பது மைலு இத ஓட்டிட்டு வந்தேன். பின்னாடி வந்தவனெல்லாம் ஹார்ன் அடிச்சே செத்தான். அதுக்கு உங்க பாரத்துல கட்டம் இருக்கா? இருக்காது.

எஞ்சினா? பாருங்க, மூடியத் தெறந்து விடறேன். எட்டு சிலிண்டர், எல்லாம் என் கை. அதுல ஒரு குத்தம் சொல்லிருங்க பாப்போம்.

வண்டி எங்க கெடச்சதுன்னு கேக்கறீங்க. போன வருஷமும் கேட்டீங்க, நான் சொல்லச் சொல்ல அடுத்த வண்டியப் பாத்துட்டிருந்தீங்க. இந்தத் தடவ என்னப் பாருங்க. இத நான் கண்டுபிடிக்கல. என் வீட்டுக்காரி டில்லிஸ் கண்டுபிடிச்சா. ஒரு பண்ணையில முட்ட வாங்கப் போனவ, கொல்லைப் பக்கம் காஞ்சொறிப் புதருக்குள்ள இரும்பு மாதிரி ஏதோ தெரியுதேன்னு கையில கோணிய சுத்திக்கிட்டு வெலக்கிப் பாத்திருக்கா. செயின் சக்கரம். உள்ள கோழி அடைகாக்குது. ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்சப்ப சல்லிசாக் கெடைக்குதுன்னு பண்ணைக்காரன் வாங்கி, மரம் இழுக்கிறதுக்கு வச்சிருந்திருக்கான். அப்புறம் எஞ்சின் போயிருச்சு, அப்படியே விட்டுட்டான். அன்னிக்கு அவ வீட்டுக்கு வந்து சொன்னா, நார்மன், முட்ட இல்ல, ஆனா வேற ஒண்ணு இருக்குன்னு.

சரி பண்ணி எடுக்க எட்டு வருஷம் ஆச்சு சார். எஞ்சின் எனக்கு, தகடு அவளுக்கு. வெல்டு அடிக்கிறது எனக்கு வரவே வராது. அவ அப்பன் வேல்ஸ்ல கலப்பை, டிராக்டர் ரிப்பேர் பண்ற பட்டறை வச்சிருந்தவரு. பதினாலு வயசுலயே முகமூடியப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. அவ ஓட்டுன வெல்டு வரி வரியா, ஒரே சீரா, தையல் மிஷின்ல தச்ச மாதிரி இருக்கும். இந்தப் பக்கத் தகட்டத் தடவிப் பாருங்க. இதத் தொடலாம். எங்க பழைய தகடு முடியுது, எங்க புதுசு ஆரம்பிக்குதுன்னு சொல்ல முடியுதா? முடியாது. போன வருஷமும் உங்களால முடியல. அதத் தொழிற்சாலை வேலைன்னு எழுதிட்டுப் போனீங்க.

அவசரமா? ஜீப்புக்காரன் காத்திருப்பான். ட்ரெய்லர்ல வந்தவனுக்கு என்ன அவசரம்.

இப்ப இந்தத் தண்டுக்கு வருவோம். துப்பாக்கி நிக்குதே, இந்தத் தண்டு. தொழிற்சாலை வரைபடத்துல இது இல்ல. தெரியும். வரைபடத்துல இருக்கிறது போல்ட்டு போட்டு முடுக்கின ஒரு சின்னக் கொக்கி, அதுவும் வேற எடத்துல. நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணும்னு இல்ல. எங்க கூடத்துலயே அந்த வரைபடத்த ஒட்டி வச்சிருக்கேன்.

எங்க ஊரு முதியோர் இல்லத்துல வில்ஃப்னு ஒரு பெருசு இருந்தாரு. பத்தொம்போது வயசுல இதே மாதிரி வண்டிய அந்தச் சண்டையில, பிரான்சுல நார்மண்டிப் பக்கம் ஓட்டினவரு. கண்ணு போயிருச்சு, காது பாதி. டில்லிஸ் புதன்கெழமதோறும் போய் அவருக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுவா. நான் ரெண்டு தடவ போயிருப்பேன், அந்த எடத்து வாடை எனக்கு ஆவாது. எங்ககிட்ட இப்படி ஒரு வண்டி இருக்குன்னு அவ சொன்னதும் மனுஷன் மூணு வாரம் அதப் பத்தி மட்டும் பேசினாராம். மேலருந்து விமானம் வந்து சுடுமாம். இவங்க துப்பாக்கி முன்னாடி பாத்துத்தான் நிக்கும், வானத்தப் பாத்துத் திருப்ப முடியாது. அவரு கூட ஆல்ஃபின்னு ஒருத்தன் இருந்திருக்கான். எரிஞ்சு கெடந்த லாரியிலருந்து ஒரு குழாய அறுத்து, நேரா நட்டு, துப்பாக்கிய அதும் மேல வச்சுட்டான். மழையில, தார்ப்பாயிக்கு அடியில உக்காந்து வெல்டு அடிச்சானாம். மண்புழு மண்ணக் கக்குன மாதிரி இருந்துச்சாம் அந்த ஒட்டு. ஆனா நின்னுச்சு. ஆல்ஃபிதான் நிக்கல. எட்டு நாள் கழிச்சு ஒரு பழத்தோட்டத்துல போயிட்டான்.

வில்ஃப் ஒரு காகிதத்துல கண்ணு தெரியாமயே கிறுக்கிக் குடுத்தாரு, தண்டு எங்க நின்னுச்சு, எவ்வளவு உயரம்னு. அத வச்சுத்தான் அவ பண்ணா. பண்ணி, வண்டிய ஓட்டிட்டு அந்த இல்லத்து வாசலுக்கே போனோம். தள்ளுவண்டியில உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. பெருசு தண்ட மேலருந்து கீழ வரைக்கும் கையால தடவினாரு. ஒட்டுக்கு வந்ததும் கட்ட வெரலு நின்னுருச்சு. ரொம்ப நல்லா இருக்கும்மா, ஆனா இது ஆல்ஃபி பண்ணதில்லன்னாரு.

இவ என்ன பண்ணா தெரியுமா? வீட்டுக்கு வந்து மொத்தத்தயும் அரைச்சு எடுத்துட்டு, எடது கையால மறுபடி வெல்டு அடிச்சா. நல்லா அடிக்கத் தெரிஞ்சவ கேவலமா அடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குப் புரியுமா? நாலு தடவ அரைச்சா, நாலு தடவ அடிச்சா. அடுத்த புதன்கெழம திரும்பப் போனோம். பெருசு தடவினாரு. அரை மணி நேரம் கையவே எடுக்கல. நர்ஸ் வந்து சாப்பாடு ஆறுதுன்னு சொல்லியும் எடுக்கல. அந்த ஜனவரியில அவரும் போய்ச் சேந்துட்டாரு.

இதெல்லாம் போன வருஷமே ஏன் சொல்லலன்னு கேக்கறீங்க. கேப்பீங்கன்னு தெரியும். நல்ல கேள்வி. மொதல் தடவையா ஒரு நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க.

நீங்க வந்தீங்க. கூட ஏழெட்டுப் பேரு. இந்த எடத்துலதான் நின்னீங்க. பேனாவால ரெண்டு தட்டு தட்டி, இதென்ன, நாய் பேண்டு வச்ச மாதிரி இருக்குன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. சொன்னீங்க சார். இல்லன்னு தலையாட்டாதீங்க. நாய்ன்னு சொன்னீங்க. அப்புறம் என்னப் பாத்து, யாருய்யா இத ஒட்டினதுன்னு கேட்டீங்க.

நான் என்ன சொன்னேன்?

உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஒரு நாளைக்கு நாப்பது வண்டி பாக்கறீங்க. எனக்கு ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கு. கிராமத்துல ஒரு பய சல்லிசாப் பண்ணித் தரேன்னான், ஏமாந்துட்டேன் சார், அடுத்த வாரமே அறுத்து எறிஞ்சிர்றேன்னு சொன்னேன். சொல்லிட்டு நானும் சிரிச்சேன். உங்கள விட ஒரு பங்கு சத்தமாவே சிரிச்சேன்.

அவ என் பின்னாடி நின்னுட்டிருந்தா. ரெண்டு கையிலயும் டீ. ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு உங்களுக்கு. உங்ககிட்ட நீட்டினா, நீங்களும் தேங்க்ஸ்மான்னு வாங்கிக் குடிச்சீங்க.

தோத்திருந்தாக் கூடப் பரவாயில்ல. கப்பு எனக்குத்தானே குடுத்தீங்க. ஒப்புக்கிட்டாரு, திருத்திக்கிறேன்னு சொல்லிட்டாருன்னு ரெண்டே மார்க்கு கொறச்சீங்க. ஏழு வருஷமா வந்து வந்து வெறுங்கையோட போனவனுக்குக் கப்பு. வீடு வர்ற வரைக்கும் அது அவ மடியிலதான் இருந்துச்சு. வழியெல்லாம் ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தா. எஞ்சின் சத்தத்துல கேக்கலையோன்னு நான் ரெண்டு தடவ கத்திக் கூப்பிட்டேன். வீட்டுக்கு வந்து ஆட்டுக்கறிய வேக வச்சா, உருளைக்கெழங்கு உரிச்சா, எனக்குப் பிடிச்ச புதினாச் சட்னி கூட வச்சா. கப்ப அவளே தொடச்சு அலமாரியில வச்சா. நான் வெக்கங்கெட்டுப் போய், அவ ஒண்ணும் நெனைக்கலன்னு நிம்மதியாத் தூங்கினேன்.

காலையில பட்டறையில அரைக்கிற சத்தம். ஏதோ புது வேலை எடுத்திருக்கான்னு டீயோட போறேன். தண்ட அடியோட அறுத்துக் கீழ வச்சிருக்கா. துப்பாக்கிய துணியில சுத்தி ஓரமா வச்சுட்டா. முகமூடியக் கழட்டிட்டுச் சொன்னா, அடுத்த வாரம் அறுக்கறேன்னு அந்த மனுஷன்கிட்டச் சொன்னீங்கல்ல, உங்களுக்கு எதுக்குச் செரமம்னு. அவ்வளவுதான். கோவமெல்லாம் படல. கோவப்பட்டிருந்தா நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எங்களுக்கு அது பழக்கம்.

அதுக்கப்புறம் பட்டறைக்குள்ள கால் வைக்கல. நவம்பர்ல அவ அக்காளுக்கு ஒடம்பு சரியில்லன்னு வேல்ஸுக்குப் போனா. அக்காளுக்கு நல்லாயிருச்சு. இவ அங்கயே இருக்கா. அங்க பக்கத்துல ஒரு படகுப் பட்டறையில வெல்டு அடிக்கிறாளாம், அக்கா சொன்னா. போன் பண்ணா எடுத்துப் பேசுவா. மழை பெய்யுதா, மாத்திரை போட்டீங்களான்னு கேப்பா. வண்டியப் பத்தி ஆரம்பிச்சா மட்டும், அடுப்புல ஏதோ வச்சிருக்கேன்னு வச்சிருவா.

இருங்க, முடிக்கல. அந்தக் கப்பு உங்க ஆபீஸ் கூடாரத்துல இருக்கு, காலைலயே குடுத்துட்டேன். யாருக்கு வேணாலும் குடுங்க.

இப்பக் குனிஞ்சு பாருங்க. தண்டுல மேல, துப்பாக்கி உக்கார்ற எடத்துல இருக்கிற ஒட்டு அவளோடது. கீழ, தரைத் தகட்டோட சேருதே, இந்த எடம், இத நான் ஒட்டினேன். அறுபத்தொம்போது வயசுல, ராத்திரிப் பள்ளிக்கூடத்துல பதினெட்டு வயசுப் பசங்களோட உக்காந்து கத்துக்கிட்டு வந்து ஒட்டினேன். மூணு எடத்துல ஓட்ட விழுந்து திரும்ப அடைச்சிருக்கேன். இதுக்கு நாய்ன்னு சொல்லுங்க, பேனாவால தட்டுங்க, எத்தன மார்க்கு வேணா கொறச்சுக்கங்க. முட்ட போட்டாலும் வாங்கிக்கிறேன். ஆனா ரெண்டயும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிராதீங்க.

அந்தக் கடைசிக் கட்டம், வேலை செஞ்சவர்னு இருக்கே, போன வருஷம் அதுல நார்மன் க்ரீவ்ஸ்னு ஒத்தப் பேரு எழுதினேன். இந்த வருஷம் உங்க கையால எழுதுங்க. அடியில விழற காப்பிய அவளுக்கு அனுப்பணும், உறை மேல விலாசமும் நீங்களே எழுதிருங்க, என் கையெழுத்தப் பாத்தா அவ பிரிக்க மாட்டா. துப்பாக்கித் தண்டு, டில்லிஸ் க்ரீவ்ஸ். அடித் தகட்டு ஒட்டு, நார்மன் க்ரீவ்ஸ். அழுத்தி எழுதுங்க, அடியில இருக்கிற காப்பியிலயும் தெளிவா விழணும். டில்லிஸ்ல ரெண்டு லகரம் இல்ல சார், இங்கிலீஷ்ல எழுதறப்ப ஒண்ணே ஒண்ணுதான். அதையாவது சரியா எழுதுங்க.