பத்தாண்டு மாறாத எழுத்துகள்

மார்கழி எங்கள் மலைக்கு ஓசையின்றி வரும். விடிந்த பின்னும் பனி தேயிலைச் சரிவுகளை விட்டு எழாது; ரிங்லெட் சாலையில் ஏறும் லோரிகள் பகலிலும் விளக்கெரித்தே செல்லும். அம்மாதம் முழுவதும் நீராடி, எஸ்டேட் கோயிலில் பதிகம் ஓதிய பிறகே வேலைக்குப் போவேன். கால்நடை நிலையத்தில் ஊசி போடுவது என் பணி.

இந்தக் கிருமியை ஆராய்ந்த டாக்டர் ரோஸ்மேரி, உங்கள் கேள்வி நியாயமானது. பன்றிக் காய்ச்சல் கிருமி பன்றிக்குப் பன்றி தாவும்போது தன் மரபணு எழுத்துகளில் சிலவற்றை மாற்றிக்கொள்ளும். அவற்றை ஒப்பிட்டு அது வந்த வழியை அறியலாம் என்றீர்கள். 1979-இல் கோலா தெர்லாவில் எடுத்த கிருமிக்கும், இந்த 1989 தையில் எங்கள் தொழிலாளர் குடியிருப்பு லைனில் எடுத்ததற்கும் ஓர் எழுத்தும் வேறுபடவில்லை. பத்தாண்டுகள் அது எங்கே உறங்கியது என்று கேட்டீர்கள். எங்கள் நிலையத்தின் உறைபெட்டியில். சாவி என்னிடம் இருந்தது.

லைனில் பன்றி வளர்த்த இருளப்பனை நான் வெறுத்ததில்லை. மகள் திலகம் காய்ச்சலில் பிழைத்ததற்காகத் தையில் முனியாண்டிக்குப் பன்றி வெட்டுவதாக நேர்ந்திருந்தான். பதிகம் ஒலிக்கும் இடத்துக்கு நூறடியில் இரத்தம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க பாடுங்கய்யா. எங்க சாமிக்குப் பாட்டுல வயிறு நெறையாதுலா," என்று சிரித்தான்.

உறைபெட்டியில் இருந்ததைத் தடுப்பூசி என்று சொல்லித்தான் அவன் நேர்ந்த பன்றிக்குப் போட்டேன். அவனே பன்றியின் காதைப் பிடித்துக்கொண்டான்.

"எம்மவளைவிட இவன்தான் வெயிட்டு. இனி சாமிக்குத் தாராளமா கொடுக்கலாம்லா?"

"கொடுக்கலாம்," என்றேன்.

நோயுற்றதைப் பலியிடுவது அவர்கள் வழக்கமன்று. அந்த ஒன்றோடு முடியும் என எண்ணினேன். லைனின் பன்றிகள் யாவும் ஒரே தொட்டியில் கழுநீர் குடிப்பதையும் அறிந்திருந்தேன். மூன்று வாரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"ஒன் நேர்ச்சைதான்டா எங்க பன்னியெல்லாம் தின்னுச்சு," என்றார் கங்காணி செல்லையா. லைனில் அவன் வீட்டுக்கு யாரும் போகவில்லை. அவன் என்னிடம் வந்தான்.

"ஊசி போட்டுமாய்யா செத்துச்சு?"

"உன் நேர்ச்சையில்தான் ஏதோ குறை," என்றேன்.

மறுவாரம் களைமருந்து குடித்து இறந்தான். ஓர் உயிரைக் கொன்ற பாவம் இல்லாமல் போய்ச் சேர்ந்தான் என்பதே என் ஆறுதல். அந்த அளவுக்கு அவனைக் காத்தேன்.

இந்தக் கடிதத்தில் கையொப்பமிடும் முன் கோயிலில் விளக்கேற்றி, அவனுக்காக ஒரு பதிகம் ஓதினேன். திலகம் வந்து தலை குனிந்து நின்றாள். நெற்றியில் திருநீறு இட்டு வாழ்த்தினேன்.

"ஒரு குறையும் இல்லாமல் நீடூழி இரும்மா."