தோட்டா நிற்காத பனியன்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஓட்டைக் கொட்டகையில் பனியன் துணி பின்னும் ஒற்றை நிட்டிங் மெஷினோடு தொடங்கினேன். தெருவே சிரித்தது. இன்று பன்னிரண்டு மெஷின் ஓடுகிறது.

நேற்று உடுமலை பஸ்ஸில், முன் சீட்டில் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜர்கள் இரண்டு பேர்.

“ஏனுங்க, நம்மகிட்ட பனியன் வாங்கற அந்த அமெரிக்கா பையர் துப்பாக்கித் தோட்டாவை ஊட்லயே செய்யறாராமா?”

“ஆமாங்க. அவரு தாத்தா காலத்து, லீவரை இழுத்துச் சுடற துப்பாக்கிங்க. மான் வேட்டைக்கு முந்தி ஒவ்வொரு தோட்டாவுக்கும் வெடிமருந்தை எடை போட்டு அவரே அடைப்பாருங்க.”

“அப்பறம் நம்ம பனியனுக்கு என்னாச்சுங்க?”

“நெஞ்சுல தோட்டா சொருகற ரிப் பட்டி, வரிவரியாப் பின்னுன பட்டி, வெச்சோமுங்க. தோட்டாவை யாரு பாத்தா? தோட்டாவுக்குப் பதிலா தடி மார்க்கர் பேனாவை உட்டு அளவெடுத்தோம், பட்டி லூசாப் போச்சு. அவரு சாம்பிளைப் போட்டுட்டுப் போயி மானைக் கண்டு குனிஞ்சாருங்க, தோட்டா அத்தனையும் பொலபொலன்னு உழுந்துருச்சு. மான் ஓடிருச்சு.”

“அட கெரகமே!”

“அடுத்த சாம்பிளும் இப்படின்னா ஆர்டர் கேன்சலுங்க.”

“ரிப்புல ரப்பர் நூலைச் சேத்துப் பின்னுங்க, கவ்விப் புடிக்கும். அந்தக் காலத்துலயே நம்மூர்ல யாரோ படிக்காத ஆளு பண்ணுனதுதானுங்க.”

என் ஸ்டாப் வந்தது, இறங்கிவிட்டேன். யாரோவாம்! காலர் தொளதொளக்காமல் இருக்க, ரப்பர் நூலை இழுத்துப் பிடித்து இந்த ஊரில் முதலில் பின்னியவன் நான். பட்டம் வாங்கிய மேனேஜர்களே, அந்த ஆர்டர் கேன்சல் ஆகாமல் தப்பினால் சாம்பிள் அட்டையில் என் பெயரை எழுதுங்கள்.