நனைந்த கவர்

— நிறுத்தாதே ஸ்தோயில், ஓட்டிக்கிட்டே இரு! கவரை நான் பார்த்துக்கறேன்.

— என்னத்தைப் பார்த்துக்கறே? பையைத் திறந்ததிலேர்ந்து உன் மூஞ்சியே சரியில்லை. என்ன ஆச்சுன்னு சொல்லித் தொலையேன், ரூமி.

— நனைஞ்சிருச்சு.

— எது?

— எதுவா? மடியில வெச்சிருக்கேனே இது! டெண்டர் கவர்! ஒட்டின வாய் பப்பரப்பான்னு திறந்து கெடக்கு. எல்லாம் உங்கம்மா பண்ணின வேலை.

— அம்மா என்ன பண்ணாங்க பாவம்? நல்ல காரியத்துக்குக் கிளம்பறப்போ தண்ணி ஊத்துனாங்க. காரியம் தண்ணியாட்டம் தடையில்லாம ஓடணும்னு எல்லா வீட்டுலயும் ஊத்தறதுதானே.

— எல்லா வீட்டுலயும் வாசப்படியில ஒரு செம்பு ஊத்துவாங்க. அத்தை மாடி பால்கனியிலேர்ந்து ஒரு வாளியைக் கவுத்தாங்க!

— முட்டி வலி. படி இறங்க முடியலைன்னு மேலேர்ந்தே ஊத்திட்டாங்க.

— பாதி என் தலையில, பாதி பையில. நான்தான் சிரிச்சுக்கிட்டே வந்தேன், புத்தி கெட்டவ. உள்ளே இருக்கற காகிதத்துக்கு ஒண்ணும் ஆகலை, பிளாஸ்டிக் தாளுக்குள்ள இருக்கு. விலை எழுதின சின்னக் கவரும் காஞ்சுதான் இருக்கு. இந்தப் பெரிய கவர்தான் போச்சு.

— அவ்வளவுதானே. ஒண்ணும் ஆகாது. நகராட்சிக் கவுண்டர்ல இருக்கற செவ்தா நமக்குத் தெரிஞ்ச பொண்ணு. வாயை அமுக்கிப் பிடிச்சுக் குடுத்துடலாம்.

— ஒண்ணும் ஆகாதா? பிரிவு பதினேழைப் படிச்சியா நீ? "ஒட்டப்பட்ட, சேதமடையாத, உள்ளிருப்பது தெரியாத உறை." அப்படி இல்லைன்னா வாங்கவே மாட்டாங்க. செவ்தா நம்ம கல்யாணத்துல ஆடினவளா இருந்தாலும் வாங்க மாட்டா.

— கல்யாணத்துல நல்லாத்தான் ஆடினா.

— சிரிக்காதே, எனக்குப் பத்திக்கிட்டு வருது! போன வருஷமும் இப்படித்தான் ஒண்ணும் ஆகாதுன்னே. ரொட்டி விலையைச் சின்னக் கவர்ல மட்டும்தான் எழுதணும்; நீ பெருமையா முதல் பக்கத்துலயே எழுதினே. பிரிச்சதும் தூக்கி ஓரமா போட்டாங்க. பதினோரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களும் ஒரு வருஷமா ஜெயிச்ச கம்பெனியோட உறைஞ்ச மாவு ரொட்டியைத் தின்னுட்டுத் திரியுதுங்க.

— அதையே எத்தனை தடவை சொல்லுவே?

— ஜெயிக்கற வரைக்கும் சொல்லுவேன். மணி என்ன?

— மூணு அம்பது.

— நாலரைக்குள்ள கவுண்டர்ல இருக்கணும். நாலு முப்பத்தொண்ணுன்னா கதவைச் சாத்திட்டான்னு அர்த்தம். அந்த டிராக்டரை முந்தேன்!

— முந்தறேன், முந்தறேன். வளைவு வருது பாரு.

— ஸ்தோயில், ஒரு தடவை சொல்லிட்டேன். இந்த வருஷமும் கைவிட்டுப் போச்சுன்னா அடுப்பை அணைச்சிடுவோம். ஞாயித்துக்கிழமை ஜெர்மனி பஸ்ஸுல நான் ஏறிடுவேன். ஊர்ல பாதிப் பொம்பளைங்க அங்கதான் கெழவிங்களுக்குக் கால் கழுவிக்கிட்டு இருக்காங்க. நானும் போய்க் கழுவறேன்.

— டிக்கெட்டைக் காட்டிக் காட்டியே என்னைக் கொல்றே.

— காட்டலைன்னா நீ எந்தக் காகிதத்துலயாவது கையெழுத்துப் போடுவியா? ஆறு வாரமா நாப்பது பக்கத்தையும் படிச்சது யாரு? "உறைய வெச்ச மாவுல சுட்டது புது ரொட்டியாகுமா"ன்னு கேள்வி எழுதிப் போட்டது யாரு? "ஆகாது"ன்னு நகராட்சி எல்லாருக்கும் தெரியற மாதிரி பதில் போட்டுச்சு. அந்த ஒரே பதில்ல அந்தக் கம்பெனி ஆடிப்போயிருக்கும். இப்போ போய் ஒரு வாளித் தண்ணியில தோக்கறதா? கடவுளே!

— நீ கெட்டிக்காரிதான், யாரு இல்லைன்னது? வழியில ஏதாவது கடையில கவர் வாங்கலாம்.

— இந்த ரோட்டுல ஒரே கடை. அங்க கல்யாணக் கவர் இருக்கும், புறாப் படம் போட்டு. அதுல ரொட்டி டெண்டரை வெச்சா வாழ்த்திட்டு அனுப்புவாங்க. தபாலாபீஸ் மூணு மணிக்கே மூடியாச்சு. இரு, இந்த டேஷ்போர்டு டப்பாவுல ஏதாவது...

— அதைத் திறக்காதே!

— ஏன்?

— அது... பூட்டு கெட்டுப்போச்சு. திறந்தா மூடாது.

— மூடலைன்னா போகுது. இதோ, நல்லாத்தானே திறக்குது. சர்வீஸ் ரசீது, உடைஞ்ச கண்ணாடி, கத்தரிக்கா விதை... இது என்ன? அட! பழுப்புக் கவரு! எவ்வளவு பெருசு!

— ரூமி, அதை வை.

— எக்ஸ்ரே கவர்! யாருக்கு எக்ஸ்ரே?

— அம்மாவுக்கு. முட்டி.

— அத்தையை எப்போ கூட்டிட்டுப் போனே? என்கிட்ட சொல்லவே இல்லை.

— போன வாரம். நீ அந்த நாப்பது பக்கத்துல முழுகிக் கெடந்தே. கூப்பிட்டாகூடத் திரும்பலை.

— சரி, அதுவும் நெசம்தான். வண்டியை ஓரம் கட்டு.

— இப்பத்தானே நிறுத்தாதேன்னே?

— இப்போ நிறுத்துங்கறேன். தடிமனைப் பாரேன்! வெளிச்சமே போகாது. நமக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கு. ஆனா வெளியில ஆஸ்பத்திரி முத்திரை குத்தியிருக்கே.

— அப்போ ஆகாது. விடு.

— ஆகும். ஒட்டினதைப் பிரிச்சு, உள்பக்கத்தை வெளியே திருப்பி, திரும்ப ஒட்டினா புதுக் கவர். குடு, நான் பிரிக்கறேன்.

— நானே பிரிக்கறேன்! நீ கிழிச்சிடுவே. படத்தை எடுத்து சீட்டுக்கடியில வெச்சுட்டு... இந்தா. திருப்பிட்டேன். பசைக்கு எங்க போறது?

— ரொட்டிக்காரன் கேக்கற கேள்வியா இது? பின்னாடி அரை மூட்டை மாவு இருக்கு. பையில உங்கம்மா ஊத்தின தண்ணி இன்னும் சொட்டுது. ஒரு பிடி மாவு எடுத்துக் குழை.

— நீ குழையேன்.

— ஏன், மாவைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கறே? பாரு, மூட்டை வாயைத் திறந்ததுமே இருமல். பத்து நாளா இதே இருமல்தான். இருமலுக்குக் காஞ்ச பூவுல டீ போட்டுக் குடுத்தா குடிக்கவும் மாட்டேங்கறே.

— தூசிதான். ஒண்ணும் ஆகாது. ஒட்டு, ஒட்டு, மணி ஆகுது.

— காகிதத்தை உள்ளே வெச்சாச்சு, நல்லா அமுக்கு... இன்னும். இப்போ வெளியில கம்பெனி பேரு, முகவரி, "ரொட்டி வழங்கல், இருபத்திநாலு மாதம்." மடிப்பு மேல குறுக்கா உன் கையெழுத்து. கம்பெனி உன் பேர்ல இருக்கு, நான் போட்டா செல்லாது. பேனாவைப் பிடிச்சுக்கிட்டு என்ன யோசனை?

— விரல் மரத்துப்போச்சு, குளிருது.

— அக்டோபர்லயேவா? சரி, கிளப்பு வண்டியை. பறக்கணும்.

— பறக்கறேன்.

— ஸ்தோயில்...

— என்ன?

— உங்கம்மா மேல கோவமா பேசிட்டேன். சாயந்தரம் சொல்லிடாதே.

*

— செவ்தா! செவ்தா, கண்ணு, மூடிடாதே!

— ருமியானா அக்கா, ஏன் இப்படி மூச்சு வாங்க ஓடி வர்றீங்க? மணி நாலு பதினேழுதான். இன்னும் பதிமூணு நிமிஷம் இருக்கு. ஸ்தோயில் அண்ணன் வரலையா?

— படியேறி வந்துக்கிட்டு இருக்கார். மெதுவாத்தான் வருவார். இந்தா கவர்.

— காட்டுங்க. ஒட்டியிருக்கு. கிழியலை. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கறேன், தப்பா நெனைக்காதீங்க. நான் சொல்லலை, விதி சொல்லுது... ஒண்ணும் தெரியலை, நல்லது. என்னக்கா, மாவு வாசனை வருது?

— ரொட்டிக்காரங்க கவர்ல வேற என்ன வாசனை வரும்?

— சரி, எழுதிக்கறேன். மணி நாலு பத்தொன்பது. வரிசை எண் ஒண்ணு.

— ஒண்ணா? வேற யாரும் குடுக்கலையா?

— நான் சொல்லக்கூடாது.

— சொல்லாதே. சும்மா தலையை மட்டும்...

— காலையில ஒருத்தர் கவரோட வந்தார். யாரோ ஒருத்தி கேட்ட கேள்விக்கு நாங்க ஒட்டியிருக்கற பதிலைச் சுவத்துக்கிட்ட நின்னு ரெண்டு தடவை படிச்சார். அப்படியே கவரோட திரும்பிப் போயிட்டார். நான் சொல்லலை.

— நீ சொல்லவே இல்லை! ஸ்தோயில், கேட்டியா? நாம மட்டும்தான்! ஏன் சுவத்துல சாய்ஞ்சு நிக்கறே?

— கேட்டேன். வா, வண்டிக்குப் போகலாம்.

*

— அப்பாடா! உக்காரு, ஒரு நிமிஷம் உக்காரு. ஸ்தோயில், ஜெயிச்சுட்டோம்யா! வேற ஆளே இல்லை! ரெண்டு வருஷம் நம்ம அடுப்புதான். ஏன், சந்தோஷமா இல்லையா?

— சந்தோஷம்தான். கிளம்பலாமா?

— இரு, காலுக்கடியில என்னமோ சரக்கு சரக்குங்குது. அத்தையோட படம்! மிதிச்சுட்டேன் பாரு. மடங்கிடப் போகுது.

— குடு, நான் வெச்சுக்கறேன்.

— வெயில்ல பிடிச்சுப் பார்க்கறேன், உடைஞ்சிருக்கான்னு...

— ரூமி, குடுன்னா குடு!

— ஏன்யா, முட்டியில எப்படிய்யா விலா எலும்பு இருக்கும்?

— பார்த்தது போதும், உள்ளே வை.

— இது நெஞ்சு. ஓரத்துல உன் பேரு இருக்கு. போன செவ்வாய்க்கிழமை தேதி. ஸ்தோயில், என்னைப் பாரு. இந்த வெள்ளைத் திட்டு என்னது?

— மாவு.

— என்ன மாவு?

— முப்பது வருஷத்து மாவுத் தூசி. நுரையீரல்ல ஏறிடுச்சாம். அடுப்படியை விட்டு வெளியே வந்தா இத்தோட நிக்குமாம். இன்னும் ரெண்டு வருஷம் நின்னா, படியேறக்கூட மூச்சு இருக்காதுன்னு டாக்டர் சொன்னார்.

— ரெண்டு வருஷமா? இருபத்திநாலு மாசமா? அதைத் தெரிஞ்சுக்கிட்டேவா இன்னிக்கு அந்த மடிப்பு மேல கையெழுத்துப் போட்டே?

— வேற என்ன செய்யச் சொல்றே? டெண்டர் இல்லைன்னா அடுப்பு இல்லை. அடுப்பு இல்லைன்னா நீ இல்லை. ஞாயித்துக்கிழமை பஸ்ஸுல ஏறிடுவே. நான் உன்னைப் போன்ல பார்த்துக்கிட்டு, அம்மாவுக்கு முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு... என்னால முடியாது ரூமி. ரெண்டு வருஷம் உன்கூட இருந்துட்டுப் போறேனே.

— பாவி! பாவி மனுஷா! எல்லாத்தையும் கணக்குல எழுதினேனே. மாவு எழுதினேன், விறகு எழுதினேன், வண்டிக்கு டீசல் எழுதினேன். உன் நுரையீரலை எந்த வரியிலயும் எழுதலையே!

— அழாதே. ஒண்ணும் ஆகாது.

— அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னே, நானே உன்னைக் கொன்னுடுவேன். மணி என்ன?

— நாலு இருபத்திநாலு. எதுக்கு?

— பிரிவு இருபத்தொண்ணு. "கடைசி நேரம் முடியும்வரை எந்தக் காரணமும் கூறாமல் விலகிக்கொள்ளலாம்." இறங்கு.

— ரூமி, பைத்தியமா உனக்கு? ஜெயிச்ச டெண்டர்!

— இறங்குய்யா! கையைப் பிடிச்சுக்கோ. மெதுவா. ஒவ்வொரு படியா.

*

— என்னக்கா, எதையாவது மறந்துட்டீங்களா?

— செவ்தா, கவரைத் திருப்பிக் குடு. நாங்க விலகிக்கறோம்.

— விளையாடாதீங்கக்கா. நீங்க ஒரே ஆளு! நாளைக்குப் பத்து மணிக்குப் பிரிச்சா...

— திருப்பிக் குடுன்னேன்.

— சரி, சரி. ஆனா விலகல் கடுதாசி வேணும். இந்தாங்க தாள். கம்பெனி பேர்ல இருக்கறவர் கையெழுத்துப் போடணும். நீங்க போட்டா செல்லாது. நான் சொல்லலை, விதி சொல்லுது.

— எனக்கும் தெரியும். நான் எழுதறேன், அவர் போடுவார். "நாங்கள்... எங்கள் விருப்பத்தின் பேரில்..." முடிஞ்சுது. இந்தா ஸ்தோயில், பேனா.

— போட மாட்டேன்.

— போடு.

— முடியாது. செவ்தா, மணி என்ன?

— நாலு இருபத்தெட்டு, அண்ணே.

— இன்னும் ரெண்டு நிமிஷம்தான். அப்புறம் நீ நெனைச்சாலும் திரும்ப வாங்க முடியாது. நான் இப்படியே நிக்கறேன்.

— மூச்சு வாங்குது உனக்கு, நிக்கறதைப் பாரு! செவ்தா, ஒரு நாற்காலி போடு... ஸ்தோயில், கையைக் குடு. நான் கெஞ்சறேன்யா.

— இதுல போட்டுட்டா நீ அந்த பஸ்ஸுல போயிடுவே. எனக்குத் தெரியும். நீ சொன்னா செய்யறவ.

— அண்ணே, இருபத்தொன்பது ஆச்சு. சீக்கிரம் ஏதாவது ஒண்ணு பண்ணுங்க, நான் கதவைச் சாத்தணும்!

— நீ அடுப்பில்லாம செத்துப்போயிடுவேன்னுதான்யா நான் இந்த நாப்பது பக்கத்தையும் கட்டிக்கிட்டு அழுதேன்! உன்னை எழுப்பி உக்கார வைக்கத்தான் பஸ்ஸு பஸ்ஸுன்னு கத்தினேன். போடு கையெழுத்தை. அந்த டிக்கெட்டைப் புதன்கிழமையே திருப்பிக் குடுத்துட்டேன்.