லிஃப்ட்டில் எரிந்த பச்சை விளக்கு

போன கிழமை என் மகள் எங்கள் தொடர்மாடி லிஃப்ட்டுக்குள் அகப்பட்டு அழுதாள். அவசர மணியை அழுத்த அழுத்தப் பச்சை விளக்குத்தான் எரிந்ததாம், காவலாளி வரவில்லை. அதனால்தான் இன்று காலை வெள்ளவத்தை பஸ்ஸில், முன் சீட்டு இளைஞன் சொன்னது காதில் விழுந்தது.

“நாங்கள் லிஃப்ட்டுக்குப் பூட்டின அவசர மணிப் பெட்டி எல்லாத்துக்கும் ஓம் எண்டுதடா மச்சான்.”

“செய்தி கிடைச்சா ஓம் எண்டு பதில் அனுப்பத்தானே வேணும்?” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

“கிடைச்சது பெட்டிக்கு. செக்கியூரிட்டி அறையில மணி அடிச்சதோ எண்டு பார்க்காமலே அனுப்புது. உள்ளுக்க நிக்கிற ஆளுக்குப் பச்சை விளக்கு.”

“அப்ப மணி அடிச்ச பிறகு அனுப்பிற மாதிரி எழுதன்.”

“எழுதினனான். பதில் பிந்திச்சுது, அது வரும்வரைக்கும் விளக்குச் சிவப்பா எரிஞ்சுது. சிவப்பைக் கண்டால் கஸ்டமர் பயப்படுவாராம். பொஸ் பழையபடி மாத்தச் சொல்லிட்டார்.”

“நல்ல மனுசன்! ஆள் செத்தாலும் பச்சை.”

இருவரும் சிரித்தார்கள்.

“உங்கட ஃபிளட்டிலயும் அதைத்தானே பூட்டினது?” என்று கேட்டான் பக்கத்தில் இருந்தவன்.

“ஓம். அம்மாவைப் படியால ஏறச் சொல்லிட்டன்.”

“முழங்கால் நோக்காரியடா அவ!”

“நொந்தால் கத்துவா. படியில நிண்டு கத்தினால் ஆருக்காவது கேட்கும்.”