மூணு பீடி நேரம்

வெயில் காலத்தில் தொட்டியில் தண்ணீர் விட்டு வைப்பது நல்ல பழக்கம் சார். பங்குனி கடைசியிலேயே எங்கள் பக்கத்து ஏரி, குட்டை எல்லாம் காய்ந்துவிடும். மாடம்பாக்கம் ஏரிக்குள் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். செம்பாக்கத்தில் சேறுதான் மிஞ்சும். அப்போது வாயில்லாத ஜீவன்கள் எங்கே போகும்? அதனால் தினமும் காலையில் மோட்டாரைப் போட்டு, தோட்டத்துக் கடைசியில் இருக்கிற சிமெண்டுத் தொட்டியை ரொப்பி வைப்பேன். முதலாளி சொன்ன வேலை இல்லை. நானாகச் செய்வது.

அந்த மூன்று பீடித் துண்டுகளைக் காகிதத்தில் மடித்து ஸ்டேஷன் மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். என்னைக் கேட்பதற்கு முன்னால் மூன்று தடவை அதைப் பார்த்துவிட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் தொட்டியிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும். உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் எனக்கும் இல்லை.

என் பேர் வேதாசலம். ஆனால் அப்படிக் கூப்பிட ஆள் கிடையாது. அகரம்தென் போகிற வழியில் இருக்கிற அந்தத் தோட்டத்துக்கு நான் காவல். கொஞ்சம் மாமரம், கொஞ்சம் முந்திரி, மீதியெல்லாம் முள்ளுக்காடு. முதலாளி பக்தவச்சலம் சார் மயிலாப்பூரில் இருக்கிறார். மாம்பழம் பழுக்கிற சமயத்தில் ஒரு நாள் காரில் வருவார். "எல்லாம் சரியா இருக்கா வாட்ச்மேன்?" என்பார். இருக்கு சார் என்பேன். கூடையை டிக்கியில் வைத்ததும் போய்விடுவார். அரிசி வாங்க முனியம்மா கடைக்குப் போனால் அவளும் "இன்னா வோணும் வாட்ச்மேன்?" என்பாள். என் சம்சாரம் கனகவல்லி இருந்தபோது நாங்கள் இரண்டு பேர். அவள் போன பிறகு நானும் அந்த மோட்டாரும்தான்.

தனியாக இருப்பது பழகிவிடும் என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் யாரும் தனியாக இருந்ததில்லை. சில நாள் சாயந்திரம் நானே என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பேன். பதிலும் நானே சொல்வேன். நீங்கள் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி.

தேவானந்தம் முதல் தடவை வந்தது கனகவல்லி செத்த வருஷம். முள்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் கையில் வில்லோடு நின்றான். வில் என்றால் திருவிழாவில் விற்கிற வில் இல்லை. நல்ல கல் மூங்கிலைச் சீவி, தீயில் வாட்டி வளைத்தது. அவனுக்குக் குரோம்பேட்டை பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. கை சும்மா இருக்காது. டி.வி. ஆன்டெனா குழாயை அறுத்து அம்பு செய்திருந்தான். முனைக்கு, இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடை உடைத்துச் சாணை பிடித்திருந்தான். நான் தடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன் ஓடவில்லை.

"தொட்டில தண்ணி உட்டு வச்சிகிறியே, யாரு நீ? புண்ணியவான்யா" என்றான். "உன் பேரு இன்னா?"

பேரைக் கேட்டான் சார். தடியைக் கீழே போட்டுவிட்டேன்.

மான் அடிப்பது குற்றம் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். துப்பாக்கி என்றால் சத்தத்துக்கு ஊரே கூடிவிடும். வில்லுக்குச் சத்தம் இல்லை. செம்பாக்கம் பக்கமெல்லாம் பிளாட் போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். காடு சுருங்கச் சுருங்க மான்கள் எங்கள் தொட்டிக்குத்தான் வந்தன. வருஷம் முழுவதும் நான் தண்ணீர் காட்டி அவற்றுக்குப் பயம் தெளிய வைப்பேன். என் வாசனை அவற்றுக்குப் பழகிவிட்டது. சித்திரை பிறந்தால் அவன் வருவான். லீவு நாளெல்லாம் விடியற்காலை சைக்கிளில் வந்து, தொட்டிக்கு எதிரே இலுப்பை மரத்தில் கட்டியிருந்த பரணில் ஏறி என் பக்கத்தில் உட்காருவான். முதல் மழை பெய்தால் மானுக்கு எல்லா இடத்திலும் தண்ணீர் கிடைத்துவிடும். அவனும் வரமாட்டான். ஒரு சீசனுக்கு ஒன்றோ இரண்டோதான் அடிப்போம். நான் மான் கறி தின்னமாட்டேன். பாதி நாள் ஒன்றும் வராது. சும்மா உட்கார்ந்திருப்போம். எனக்கு அதுதான் பிடிக்கும்.

பரணில் அவன் கிசுகிசுவென்று பேசிக்கொண்டே இருப்பான். கம்பெனி சண்டை, அவன் மச்சான் செய்த மோசடி, சம்சாரம் அருள்மேரி வைக்கிற மீன் குழம்பு, எல்லாம் எனக்குத் தெரியும். அவன் வீட்டை நான் பார்க்காமலே அதன் ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்வேன். சாக்கில் வைக்கோல் அடைத்துத் தொங்கவிட்டு எனக்கும் வில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தான். எனக்குக் கை நடுங்காது. அவனே ஆச்சரியப்பட்டான்.

அவன் சொன்னதில் முக்கியமானது ஒன்று. உங்களுக்குத் தேவையானதும் அதுதான்.

"வேதா, அம்பு பட்டுச்சுன்னு வையி, உடனே எறங்கி ஓடாத. துரத்துனா அதுவும் ஓடும். ரத்தத்த வுட்டுகினே எங்கயோ போயி முள்ளுல பூந்துக்கும், நமக்கும் கெடைக்காது. அத வுட்டுடு. கம்முனு குந்து. மூணு பீடி புடி, ஒண்ணு மேல ஒண்ணு. அது பக்கத்துலயே படுத்துக்கும். அப்பறம் போ."

முதல் தடவை எனக்குக் கஷ்டமாக இருந்தது. புள்ளிமான் கத்தினால் குழந்தை மாதிரி இருக்கும். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவன் என் கையை விலக்கினான். "கேளு. எங்க கீதுன்னு அப்பதான் தெரியும்" என்றான். அடுத்தடுத்த வருஷங்களில் எனக்குப் பழகிவிட்டது.

ஒவ்வொரு வருஷமும் கடைசி நாள் கிளம்பும்போது, "கிறிஸ்துமஸ்க்கு வூட்டுக்கு வாடா" என்பான். ஒரு வருஷம் போனேன். வேட்டி துவைத்துக் கட்டிக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, சேலையூரில் விசாரித்து விசாரித்துப் போனேன். வீட்டில் நிறைய பேர். கேட்டுக்கு அந்தப் பக்கம் அருள்மேரி நின்று, "யாருங்க?" என்று கேட்டது. உள்ளேயிருந்து அவன் எட்டிப் பார்த்தான். ஒரு நிமிஷம் அவனுக்கு என்னைப் பகலில், சட்டை போட்டு, ஊருக்கு நடுவில் பார்த்து அடையாளம் தெரியவில்லை போல. அப்புறம், "நம்ம தோட்டத்து வாட்ச்மேன்" என்றான். கேட் மேலாகவே ஒரு கேக் பொட்டலம் கொடுத்தார்கள். நல்ல கேக். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வீடு நிறைய ஆள் இருந்தால் யாருக்கும் கை ஓடாது. ஜன்னல் நான் நினைத்த பக்கத்தில்தான் இருந்தது.

இந்தச் சித்திரையில் அவன் தாமதமாக வந்தான். ஏரியில் சேறு வெடித்த பிறகுதான் வந்தான். நான் தினமும் தொட்டியை இரண்டு வேளை ரொப்பினேன். வந்தவன் பரண் ஏறினான். அம்பை எடுக்கவில்லை.

"வேதா, இந்த வருசத்தோட அவ்ளோதான்டா. வேளாங்கண்ணில அருள்மேரி வேண்டிகினா. பொண்ணுக்குக் கல்யாணம் ஆவுற வரிக்கும் ஒரு உயிரத் தொடக் கூடாதாம்."

"தொடவேணாம். சும்மா வந்து உக்காரு" என்றேன்.

அவன் சிரித்தான். "சும்மா வர்றதுக்கு இங்க இன்னாடா கீது?"

சார், கேலியாகத்தான் கேட்டான். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசுகிற ஆள் இல்லை. வில்லையும் அம்புகளையும் என் மடியில் வைத்தான். "நீயே வச்சிக்கோ, ஞாபகத்துக்கு" என்றான். பிறகு பரணிலிருந்து இறங்கினான். வெயில் ஏறியிருந்தது. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு தொட்டிக்குப் போய் முகம் கழுவினான். கிளம்புகிற ஆள் கழுவுகிற மாதிரி, நிதானமாக.

மான் என்று நினைத்து அம்பை விட்டுவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அருள்மேரியிடமும் அதைத்தான் சொன்னேன். அன்று மத்தியானம் நான் சேலையூருக்குப் போனபோது வீட்டில் அது தனியாக இருந்தது. என் முகத்தைப் பார்த்து, கேட்டைத் திறந்து, "உள்ள வாங்கண்ணா, உக்காருங்க" என்றது. உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தது. குடித்து முடித்த பிறகுதான் சொன்னேன். அது என்னைத் திட்டவில்லை. "தெரியாம நடந்துபோச்சே, கடவுளே, தெரியாம நடந்துபோச்சே" என்று சுவரில் சாய்ந்துவிட்டது. நல்ல பெண். அதற்காகத்தான் இதுவரை நான் வேறு மாதிரி சொல்லவில்லை.

அவன் வெள்ளை பனியன் போட்டிருந்தான். வெயில் நன்றாக அடித்தது. மான் எந்த ஊரில் பனியன் போடும்?

காலைப் பார்த்துத்தான் விட்டேன். கொல்ல நினைத்திருந்தால் நெஞ்சைப் பார்த்திருப்பேன், தவறியும் இருக்காது. அவன் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. அம்பு தொடையில் இறங்கியது. அவன் தொட்டி விளிம்பைப் பிடித்தபடி சரிந்தான்.

கட்டுப்போட்டு ஆட்டோவில் ஏற்றியிருந்தால் தாம்பரம் ஆஸ்பத்திரியிலேயே பிழைத்திருப்பான் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். டாக்டர் படித்தவர். நீ ஏன் இறங்கவில்லை என்று கேட்கிறீர்கள். அவன் சொல்லிக் கொடுத்ததுதான் சார். உடனே போனால் ஓடிவிடும். நான் பீடி பற்ற வைத்தேன். கை நடுங்கவில்லை.

முதல் பீடியில் அவன் கத்தினான். "வேதா, நான்டா! மானு இல்லடா, நான்டா!" என்று. இரண்டாவது பற்ற வைத்தபோது குரல் தணிந்துவிட்டது. நான் பயந்துபோய்த்தான் இறங்காமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். "பயப்படாதடா. நீ தெரியாமதான பண்ண. நான் யாராண்டயும் சொல்லமாட்டன். எறங்கி வா வேதா" என்று என்னைத் தேற்றினான். அந்த நிலைமையிலும் எனக்கு ஆறுதல் சொல்கிறான். அப்படி ஒரு மனுஷன். அவன் மேலே பார்த்தான், நான் புகையை ஊதுவதையும் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது பீடியில் திரும்பவும் கூப்பிட ஆரம்பித்தான். வேதா, வேதா, வேதா என்று. வேறு ஒன்றும் இல்லை, பேர் மட்டும். எட்டு வருஷமாக, அவன் வராத நாளெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்ட பேர். கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். பாதியில் அணைக்க மனசு வரவில்லை. விரல் சுடுகிற வரைக்கும் பிடித்தேன். துண்டைப் பாருங்கள், தெரியும்.

கடைசியாக ஒன்று சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் காதைப் பொத்தாமல் கேட்க அவன்தானே பழக்கினான். "வரன்டா. அடுத்த வருசமும் வரன். எறங்கி வா."

நான் இறங்கிப் போனேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொட்டியில் தண்ணீர் சிவந்திருந்தது. அதைத் திறந்துவிட்டு, மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீர் ரொப்பினேன்.

அவ்வளவுதான் சார். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். முதலாளியிடம் சொல்லி, வருகிற சித்திரைக்கு யாரையாவது விட்டு அந்தத் தொட்டியை ரொப்பி வைக்கச் சொல்லுங்கள். அவன் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.